கவுன்சிலர் நாற்காலியிலிருந்து நாடாளுமன்றம்: கம்பெனி மேலாளருக்கு அது ஒரு வழியா?

கேள்வி, 2 மார்ச் 2024

அண்ணே, எங்கள் ஊர் மலேசியாவில் ஒரு சின்னத் தோட்டப் பட்டணம். சுற்றிலும் செம்பனை, நடுவில் இரண்டு வரிசைக் கடை, ஒரு பெட்ரோல் நிலையம், ஒரு மாரியம்மன் கோயில். இங்கே உரமும் களைக்கொல்லியும் விற்கிற ஒரு கம்பெனியின் வட்டார மேலாளர் இருக்கிறார். தோட்டத்துப் பையன், படித்து மேலே வந்தவர். இப்போது நகராண்மைக் கழக (நகர மன்ற) உறுப்பினரும்கூட. அடுத்த பொதுத்தேர்தலில் நாடாளுமன்றத்துக்கு நிற்பார் என்று பேச்சு. நிர்வாகம் தெரியும், ஊராட்சியிலும் (உள்ளாட்சியிலும்) பழகியாயிற்று. மேடைப் பேச்சாளர்கள் நமக்குப் போதும், கணக்குப் பார்க்கத் தெரிந்தவர் போகட்டும் என்பது என் வாதம். நீங்கள் கொஞ்ச காலம் மன்றத்தில் உட்கார்ந்தவர். என்ன சொல்கிறீர்கள்?

3 மார்ச் 2024

தம்பி, "ஊராட்சியில் பழகியாயிற்று" என்கிறீர்களே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. அவருக்கு இதுவரை ஒருவரும் ஓட்டுப் போடவில்லை. 1976 ஊராட்சிச் சட்டப்படி மன்ற உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. தலைவரைத் தவிர 8 பேருக்குக் குறையக்கூடாது, 24 பேருக்கு மிஞ்சக்கூடாது. யாரைப் போடலாம் என்பதையும் சட்டமே சொல்கிறது: பெரும்பாலோர் அந்த வட்டாரத்தில் குடியிருக்க வேண்டும், ஊராட்சி விவகாரத்தில் அனுபவம் உள்ளவராகவோ, தொழிலிலும் வணிகத்திலும் பெயர் எடுத்தவராகவோ, தன் சமூகத்துக்காகப் பேசத் தகுந்தவராகவோ இருக்க வேண்டும். அந்தக் கணக்கில் உங்கள் மேலாளர் லட்சணமான ஆள்தான்.

நடப்பு வேறு. கட்சித் தொகுதியிலிருந்து பட்டியல் போகும். மேலே யாரோ ஒருவர் அதில் சிலரை அடிப்பார், சிலரைச் சேர்ப்பார். அப்புறம் கடிதம் வரும். ஒரு நியமனம் மூன்று ஆண்டுக்கு மேல் போகாது, பல இடங்களில் அதைவிடக் குறைவாகவே கொடுக்கிறார்கள். கடிதம் கொடுத்தவருக்குப் பிடிக்காவிட்டால் அடுத்த கடிதம் வராது. எனக்கு வரவில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், அல்லது சொல்லாமல் விட்டுவிடுகிறேன்.

ஆக அவர் பழகியது கடிதம் கொடுப்பவரிடம். நாடாளுமன்றத்துக்கு வேண்டியது கடிதம் கொடுக்காத ஐம்பதாயிரம் பேரிடம் பழகுவது.

5 மார்ச் 2024

கீழே ஒருவர் "மலேசியாவில் ஊராட்சித் தேர்தல் என்றைக்குமே நடந்ததில்லை, இல்லாததைப் பற்றி ஏன் பேச்சு" என்று போட்டிருக்கிறார். நடந்தது ஐயா. ஜார்ஜ்டவுனில் 1951, கோலாலம்பூரில் 1952. இந்த நாட்டில் மக்கள் முதலில் ஓட்டுப் போட்டதே நகர மன்றத்துக்குத்தான். கூட்டரசு (மத்திய) சட்டமன்றத் தேர்தல் 1955-இல்தான் வந்தது. 1957-இல் ஜார்ஜ்டவுனின் முதல் மேயர் ஆனவர் டி. எஸ். இராமநாதன், தொழிற்கட்சிக்காரர், நம் ஆள். பினாங்கில் ஸ்காட் ரோடாக இருந்த சாலைக்கு இன்றைக்கு அவர் பெயர். ஈப்போவில் சீனிவாசகம் சகோதரர்களின் மக்கள் முற்போக்குக் கட்சி நகர மன்றத்தைக் கையில் வைத்திருந்தது. அண்ணன் தம்பி இருவரும் நாடாளுமன்றத்திலும் இருந்தார்கள். அப்போது அது உண்மையான ஏணி. சாக்கடைக்காகத் திட்டு வாங்கியவன் அதே ஊரில் மறுபடி ஓட்டுக் கேட்டு நிற்க வேண்டும்.

1965 மார்ச்சில், இந்தோனேசியாவுடன் நடந்த மோதலைக் காரணம் காட்டி, ஊராட்சித் தேர்தலை நிறுத்தி வைத்தார்கள். அமைதி திரும்பியதும் தேர்தலும் திரும்பும் என்றார்கள். மோதல் அடுத்த ஆண்டே முடிந்துவிட்டது. தேர்தல் இன்னும் வழியில் இருக்கிறது.

இதை ஆராயப் போட்ட அரச விசாரணைக் குழுவுக்குத் தலைவர் யார் தெரியுமா? செனட்டர் ஆதி நாகப்பன். மஇகாவின் (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) மூத்த தலைவர், வழக்கறிஞர். 1968-இல் முடிந்த அவருடைய அறிக்கை, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே வேண்டும் என்றது. அரசு 1976 சட்டத்தைக் கொண்டுவந்து நியமனம் என்று கதவைச் சாத்தியது. ஆளுங்கூட்டணியைச் சேர்ந்த ஒரு தமிழர் தேர்தல் வேண்டும் என்று எழுதிக் கொடுத்ததை நம் தலைவர்கள் மேடையில் சொல்லி நான் கேட்டதே இல்லை. அவர் மனைவி ஜானகி, நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் இருந்தவர், பின்னாளில் அவரும் செனட்டர் ஆனார். அது தனிக் கதை, இப்போது வேண்டாம்.

6 மார்ச் 2024

"பினாங்கு அரசு ஊராட்சித் தேர்தலைத் திரும்பக் கொண்டுவந்ததே?" என்று இன்னொருவர். 2012-இல் மாநிலச் சட்டம் போட்டார்கள். 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்றது. 2018-இல் ஆட்சி மாறியபோது மீண்டும் பேச்சு எழுந்தது, அந்த ஆண்டு முடிவதற்குள் பிரதமர் மகாதீரே இனப் பிரச்சினை வரும் என்று மூடிவிட்டார். போதுமா?

9 மார்ச் 2024

மன்றத்தில் என்னதான் நடக்கும் என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். நான் இருந்தது வேறு மாநிலம், ஊர் பெயர் வேண்டாம். இப்போது இருப்பது சுங்கை சிப்புட்.

மாதம் ஒரு முழுக் கூட்டம். நீள மேசை, ஆளுக்கொரு ஒலிவாங்கி, முன்னால் பெயர்ப் பலகை, அதன் பக்கத்தில் தடிப்பான கூட்டக் குறிப்பு. எல்லாம் மலாயில். குறிப்பை முன்கூட்டிப் படித்து வந்தவர் யார், அங்கே உட்கார்ந்து முதல்முறையாகப் புரட்டுகிறவர் யார் என்பது பக்கம் திருப்பும் சத்தத்திலேயே தெரிந்துவிடும். கட்டட வரைபட அனுமதி, கடை உரிமம், பாசார் மாலாம் (இரவுச் சந்தை) இடம், சுக்காய் பிந்து (வீட்டு வரி) பாக்கி. உண்மையான வேலை துணைக் குழுக்களில் முடிந்திருக்கும். முழுக் கூட்டத்தில் "சேத்துஜு" (சம்மதம்) என்று சொல்லிவிட்டு மீ கோரேங் சாப்பிடப் போகலாம். பலர் அதைத்தான் செய்தார்கள்.

என் பகுதியில் ஒரு மலிவு விலைத் தாமான். தோட்டம் விற்றுப்போனபின் லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) வெளியேறியவர்களுக்குக் கட்டிய வீடுகள். பின்பக்கக் கால்வாய் மழைக்கு வீட்டுக்குள் ஏறும். வீட்டு முன் சாக்கடை மன்றத்துடையது. அது போய் விழுகிற பெரிய கால்வாய் வடிகால் நீர்ப்பாசனத் துறையுடையது. நடுவில் சாலையைக் கடக்கிற குழாய் பொதுப்பணித் துறையுடையது. அதற்கப்பால் தண்ணீர் போய்ச் சேரும் நிலம் தோட்டக் கம்பெனியுடையது. நான்கு பேரும் ஒரே நாளில் வந்து பார்த்தால் ஒரு மணி நேர வேலை. அந்த நான்கு பேரை ஒரே நாளில் அங்கே நிற்க வைப்பதுதான் கவுன்சிலர் வேலை, வேறொன்றும் இல்லை. எழுதினேன், போன் போட்டேன், கடைசியில் பொதுப்பணித் துறைப் பொறியாளர் ஒருவர், சீனர், தன் காரில் தானே வந்து குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே ஒரு பழைய மெத்தை அடைத்துக்கொண்டிருந்தது.

இங்கே உங்கள் மேலாளருக்கு ஒரு மார்க் கொடுத்தே ஆக வேண்டும். கம்பெனியில் வேலை பார்த்தவனுக்கு இந்த மாதிரி நாலு இலாகாவைப் பின்தொடர்வது கைவந்த கலை. அரசியலில் மட்டுமே வளர்ந்தவர்கள் ஒரு கடிதம் போட்டு, அதைப் படம் பிடித்து வாட்ஸாப்பில் போட்டுவிட்டு, வேலை முடிந்தது என்று நினைப்பார்கள்.

10 மார்ச் 2024

நேற்று எழுதியதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்: மன்ற முழுக் கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகைக்கும் திறந்தது என்று சட்டம் சொல்கிறது. மன்றம் தீர்மானம் போட்டு மூடினால் ஒழிய யாரும் போய் உட்காரலாம். துணைக் குழுவுக்குள் விடமாட்டார்கள். தம்பி, உங்கள் மேலாளரை எடைபோட வேண்டுமானால் தீபாவளிப் பொது உபசரிப்பில் பார்த்துப் பயனில்லை. அங்கே போய்ப் பாருங்கள். தன் கம்பெனிக்கு ஆதாயமான விஷயம் வரும்போது அறிவித்துவிட்டு ஒதுங்கி நிற்கிறாரா என்பதையும் பாருங்கள். அதுவும் சட்டம்தான். உரக் கம்பெனிக்காரருக்கு அப்படி என்ன வரப்போகிறது என்று கேட்காதீர்கள். கிடங்கு என்று ஒன்று இருக்கும், அதற்கு உரிமம் என்று ஒன்று இருக்கும்.

14 மார்ச் 2024

"கம்பெனி உலகத்திலிருந்து போனவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்களே" என்று கேட்டவருக்கு. இருக்கிறார்கள், ஆனால் எந்தக் கதவு வழியாகப் போனார்கள் என்று பாருங்கள். இட்ரிஸ் ஜாலா மலேசிய ஏர்லைன்ஸ் தலைமை நிர்வாகி. 2009-இல் செனட்டராக்கி அமைச்சராக்கினார்கள். வாஹிட் ஓமார் மேபேங்க் தலைவர். 2013-இல் அதே வழி. தெங்கு சாஃப்ருல் சிஐஎம்பி வங்கித் தலைவர். 2020-இல் அதே வழி, நேராக நிதி அமைச்சு. செனட் எனும் மேலவையில் 70 பேர். 26 பேரை மாநிலச் சட்டமன்றங்கள் அனுப்புகின்றன, 44 பேர் மாமன்னரின் நியமனம். முப்பது வயது ஆகியிருந்தால் போதும், ஓட்டுக் கேட்க வேண்டாம்.

சாஃப்ருல் கதைதான் சுவை. 2022-இல் தைரியமாகக் கோலசிலாங்கூரில் நின்றார். அதுவும் தோட்டங்கள் சூழ்ந்த தொகுதி. நாட்டின் நிதி அமைச்சர், ஆள் பலம் பண பலம் எல்லாம் உண்டு. டாக்டர் சுல்கிப்ளி அகமட்டிடம் தோற்றார். அடுத்த மாதமே மறுபடி செனட்டர், மறுபடி அமைச்சர். மக்கள் முன்கதவில் வேண்டாம் என்றால் பக்கவாசல் திறந்தே இருக்கிறது.

டோனி புவா வேறு வகை. கணினிக் கம்பெனியை நடத்தினார், பங்கை விற்றுவிட்டு ஜசெகவில் (ஜனநாயக செயல் கட்சி) சேர்ந்தார், 2008-இல் பெட்டாலிங் ஜெயா உத்தாராவில் நின்று வென்றார்.

உங்கள் கேள்விக்கு நெருக்கமான பாதை ஸ்டீவன் சிம்முடையது: செபராங் பிறை மன்ற உறுப்பினர், 2013-இல் புக்கிட் மெர்தாஜாம் நாடாளுமன்ற உறுப்பினர், 2023 இறுதியில் மனிதவள அமைச்சர். ஆனால் அவரைத் தொழிலதிபர் என்று சொல்ல முடியாது. கம்பெனி, மன்றம், நாடாளுமன்றம் என்று மூன்று படியும் வரிசையாக ஏறியவரைத் தேடினால் கை அதிகம் நிறையாது. பெரிய மேலாளர்களுக்கு மாதச் சாக்கடைக் கூட்டத்தில் உட்காரப் பொறுமை இல்லை. உங்கள் ஊர்க்காரர் உட்கார்ந்திருக்கிறார் என்பதே அவருக்கு ஒரு பெருமைதான்.

17 மார்ச் 2024

இன்றைக்கு மழை, வெளியே போக முடியவில்லை, நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். சுங்கை சிப்புட். ஹீவுட், கமுனிங், டோவன்பி, எல்பில் என்று சுற்றிலும் தோட்டப் பெயர்கள். இந்த ஒரு தொகுதியில் வந்த ஆட்களைப் பார்த்தாலே உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைக்கும்.

முதலில் துன் சம்பந்தன். தோட்ட முதலாளி குடும்பம். அப்பா வீராசாமி தமிழ்நாட்டிலிருந்து வந்து ரப்பர் போட்டவர். மகன் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பி, 1955-இல் கூட்டரசு சட்டமன்றத்துக்குப் போனார், அதே ஆண்டு மஇகா தலைவர், அப்புறம் ஏறக்குறைய இருபது ஆண்டு அமைச்சரவை. நம் பேச்சுக்கு அவர்தான் சரியான உதாரணம், ஏனென்றால் அவர் தோட்டக் கணக்குத் தெரிந்தவர். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்க ஆரம்பித்தபோது, துண்டாடப்பட்ட தோட்டத்தில் தொழிலாளிக்கு முதலில் வேலையும் அடுத்து வீடும் போகும் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியிருக்கவில்லை. 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாக (ரிங்கிட்) சேர்த்துத் தோட்டத்தையே வாங்குவது. முதலில் வாங்கியது கெடாவில் புக்கிட் சீடிம். என் அப்பா அந்தப் பங்குப் பத்திரத்தைப் பிறப்புப் பத்திரங்களோடு ஒரே தகரப் பெட்டியில் வைத்திருந்தார். கம்பெனி மூளை அரசியலுக்கு வந்தால் என்ன செய்யலாம் என்று கேட்டால் நான் அதைத்தான் காட்டுவேன்.

அடுத்து, மஇகா தலைவராக இருந்த சாமிவேலு. 1974 முதல் 2008 வரை. குளுவாங்கில் பிறந்தவர், தோட்டத்துப் பிள்ளை, கட்டடக் கலைஞர், வானொலி தொலைக்காட்சியில் செய்தியும் வாசித்தவர். அவரைப் பற்றி ஆளுக்கொரு கதை இருக்கும், இந்த இழை தாங்காது.

மூன்றாவது டாக்டர் ஜெயக்குமார் தேவராஜ். இவரைப் பற்றித்தான் எழுத வேண்டும். அரசாங்க மருத்துவர், நுரையீரல் நிபுணர். எந்த மன்றத்திலும் உட்கார்ந்ததில்லை. அவரும் மனைவி ராணியும் அலைகள் என்ற அமைப்பை வைத்துக்கொண்டு பல ஆண்டு தோட்டம் தோட்டமாகப் போனவர்கள். 1999-இல் நின்றார், தோல்வி. 2004, தோல்வி. 2008-இல் சாமிவேலுவையே வென்றார். அந்த இரவு எங்கள் ஊர்க் கடைத்தெருவில் பட்டாசு வெடித்தவர்களில் பாதிப் பேர் முந்தின தேர்தலில் ஆளுங்கூட்டணியின் தராசுச் சின்னத்துக்குப் போட்டவர்கள். 2013-இல் மறுபடி வென்றார். எதிர்க்கட்சித் தொகுதிக்கு மேம்பாட்டு ஒதுக்கீடு தர மறுத்தார்கள் என்று நீதிமன்றம் வரை போனார், பலிக்கவில்லை. 2018-இல், அதுவரை வென்ற பிகேஆர் (மக்கள் நீதிக் கட்சி) சின்னத்தை விட்டு, சொந்தக் கட்சியான மலேசிய சோசலிசக் கட்சியின் சின்னத்தில் நின்று வைப்புத்தொகையை இழந்தார். அதே மனிதர், அதே தொகுதி. 2018-இல் வந்தவர் பிகேஆரின் கேசவன், 2022-இல் மஇகா தலைவரே வந்து நின்றும் அவர்தான் தக்கவைத்தார்.

இதிலிருந்து ஆளுக்கொரு பாடம் எடுத்துக்கொள்வீர்கள். எனக்குப் பட்டது: தோற்றபின்னும் அதே லயத்துக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தாரே, அது எந்தக் கம்பெனியிலும் சொல்லித்தர மாட்டார்கள். கம்பெனியில் இலக்கைத் தவறவிட்டவனை இடம் மாற்றிவிடுவார்கள்.

18 மார்ச் 2024

"அப்படியானால் 2018 தோல்வி எதைக் காட்டுகிறது? மக்கள் நன்றி கெட்டவர்களா?" இல்லை தம்பி. அந்த ஆண்டு மக்கள் பிரதமரை மாற்ற ஓட்டுப் போட்டார்கள், தொகுதிக்காரரைப் பார்த்துப் போடவில்லை. நாடாளுமன்றத் தேர்தலில் ஆளைவிடச் சின்னம் பெரிசு. உங்கள் மேலாளர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கட்சி அவருக்கு அந்தத் தொகுதியை ஒதுக்க வேண்டும், அந்த ஆண்டு அந்தக் கட்சிக்குக் காற்று அடிக்க வேண்டும். இரண்டும் அவர் கையில் இல்லை.

20 மார்ச் 2024

பணக் கணக்குக் கேட்டவருக்கு, சுருக்கமாக. நாடாளுமன்றத்துக்கு வைப்புத்தொகை 10,000 வெள்ளி, பிரசாரப் பொருள்களை அகற்றுவதற்கான பிணைத்தொகை 5,000. பதிவான செல்லுபடி ஓட்டில் எட்டில் ஒரு பங்கு கிடைக்காவிட்டால் முதல் தொகை போச்சு. செலவு வரம்பு 200,000 வெள்ளி; சட்டமன்றத்துக்கு அதில் பாதி. செலவுக் கணக்கை ஒப்படைக்காமல் விட்டாலும் தகுதி போகும்.

தொழில் செய்கிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. திவாலாகி விடுவிக்கப்படாதவர் நிற்க முடியாது. கம்பெனிக் கடனுக்குத் தனிப்பட்ட உத்தரவாதக் கையெழுத்துப் போட்டிருந்தால் கம்பெனி விழும்போது கையெழுத்துப் போட்டவரும் விழுவார். இப்போது திவாலாக்கக் குறைந்தபட்சக் கடன் 100,000 வெள்ளி. வியாபாரத்தில் அது ஒரு தொகையே இல்லை. இன்னொன்று, 2,000 வெள்ளிக்குக் குறையாத அபராதம் விழுந்தாலும் தகுதி போகும். கம்பெனி நடத்துகிறவர்கள் எத்தனை பாரத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

26 மார்ச் 2024

நேற்று மக்களவையில் குடியுரிமைத் திருத்த மசோதாவைத் தாக்கல் செய்திருக்கிறார்கள். இந்த இழைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்றால், இதுதான் சம்பந்தம்.

வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மாருக்கு நல்லது செய்கிற திருத்தம் அதில் இருக்கிறது, சந்தோஷம். கூடவே வேறொன்றும் இருக்கிறது. இதுவரை இங்கே பிறந்த பிள்ளைக்குத் தாய் தந்தையில் ஒருவர் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால் குடியுரிமை தானாக வரும். அந்த நிரந்தரவாசி என்பதை எடுத்துவிடப் பார்க்கிறார்கள். நிரந்தரவாசி என்றால் சிவப்பு ஐசி (அடையாள அட்டை). சிவப்பு ஐசி யாரிடம் இருக்கிறது? தோட்டத்தில் பிறந்து, சுதந்திரத்தின்போது குடியுரிமை விண்ணப்பப் பாரம் போடாமல் விட்டவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகளிடமும் இருக்கிறது. எங்கள் தெருவிலேயே பால்மரம் வெட்டியே முதுகு வளைந்த ஒரு பாட்டி இருக்கிறார். ஐசி சிவப்பு. ஒவ்வொரு தேர்தலுக்கும் காலையில் குளித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு, ஓட்டுப் போடப் போகிறவர்களுக்குத் தேத்தண்ணி கலக்கிக் கொடுப்பார். அவரால் போட முடியாது.

இதை எந்த மன்றமும் தொட முடியாது. மாநிலச் சட்டமன்றமும் தொட முடியாது. மக்களவையில் 222 பேரில் 148 பேர் எழுந்து நிற்க வேண்டும், மேலவையிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், ஆட்சியாளர் மாநாடும் ஒப்புக்கொள்ள வேண்டும். நாடாளுமன்ற உறுப்பினர் என்பவர் எதற்கு என்று கேட்டால், இதற்கு. தம்பி, உங்கள் மேலாளரிடம் இந்த ஒரு விதியைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று கேட்டு வாருங்கள். தாமான் சாக்கடையைப் பற்றிக் கேட்க வேண்டாம், அது அவருக்குத் தெரியும் என்று நானே ஒப்புக்கொள்கிறேன்.

14 ஏப்ரல் 2024

புத்தாண்டு வாழ்த்து எல்லாருக்கும். பெருநாள் விடுமுறையில் பிள்ளைகள் வந்திருந்தார்கள், இந்தப் பக்கம் வரவில்லை.

தம்பி கேட்டு வந்து எழுதியிருக்கிறார்: மேலாளர் "அது மேலிடத்து விஷயம், கட்சி முடிவு பண்ணும்" என்றாராம். திட்ட வேண்டாம். நியமனத்தில் வளர்ந்தவர் அப்படித்தான் பேசுவார். மேலே இருந்து வந்த கடிதத்தால் உட்கார்ந்தவருக்கு மேலே பார்த்துப் பேசுவது பழக்கமாகிவிடும். எனக்கும் அந்தப் பழக்கம் இருந்தது, கூட்டத்தில் கை தூக்கும் முன் தலைவர் முகத்தைப் பார்ப்பேன்.

ஒரு சனிக்கிழமை அவருடைய சேவை மையத்தில் உட்கார்ந்து பார்த்தீர்களாமே, அந்தப் பட்டியலை இங்கே பிரித்துப் போடுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும். தெருவிளக்கு, குப்பை: மன்றம் (பேராக்கில் குப்பையும் மன்றத்திடமே இருக்கிறது, கெடா, பகாங், ஜொகூர் பக்கம் கூட்டரசு நிறுவனம் எடுத்துக்கொண்டது). கோயில் நிலம், வீட்டு மனைப் பட்டா: மாநிலம். தமிழ்ப்பள்ளி ஆசிரியர் பற்றாக்குறை: கூட்டரசுக் கல்வி அமைச்சு, ஆனால் பள்ளி நிற்கிற நிலம் தோட்டத்துடையது என்றால் மறுபடி மாநிலமும் கம்பெனியும். குறைந்தபட்சச் சம்பளம், தோட்ட வீட்டு வசதிச் சட்டம்: கூட்டரசு. பிறப்புப் பத்திரம், ஐசி: கூட்டரசு. மகனுக்கு லோரி லைசென்ஸ் எடுக்க வழி கேட்ட அம்மாவுக்கு: வாகன ஓட்டுநர் பள்ளி.

வருகிறவர்களுக்கு இந்த வேறுபாடு கிடையாது, இருக்கவும் வேண்டாம். "ஒய்பி" (மக்கள் பிரதிநிதி) என்று ஒருவர் இருந்தால் எல்லாவற்றையும் அவரிடம் கொட்டுவார்கள். வேடிக்கை என்னவென்றால், மன்றத்திலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போனவருக்குத் தெருவிளக்கின் மேல் இருந்த கொஞ்ச அதிகாரமும் போய்விடும். கேட்பவர்கள் மட்டும் பத்து மடங்காவார்கள்.

15 ஏப்ரல் 2024

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு "அப்படியானால் அவர் சட்டமன்றத்துக்கே நிற்கலாமே" என்று கேட்டீர்கள். ஆமாம், எனக்கும் இப்போது அப்படித்தான் படுகிறது. தோட்டப் பட்டணத்தில் பாதிப் பிரச்சினை நிலம். நிலம் மாநிலத்துடையது, ஊராட்சியும் மாநிலத்துடையது. மன்றத்தில் கற்றுக்கொண்டது சட்டமன்றத்தில் வீணாகாது. நாடாளுமன்றத்தில் பாதி வீணாகும். ஆனால் தொழில் செய்தவர்களுக்கு நடுப்படி பிடிப்பதில்லை. வட்டார மேலாளர் அடுத்துப் பார்ப்பது தலைமை அலுவலகத்தைத்தானே.

12 மே 2024

நேற்று கோலகுபு பாரு இடைத்தேர்தல் முடிந்தது. சட்டமன்றத் தொகுதி, தோட்டங்கள் நிறைந்த இடம். ஜசெகவின் பாங் சோக் தாவ் வென்றார். பிரசாரம் முழுக்க ஒரு பேச்சு: புக்கிட் தாகார் பக்கத்து ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்களுக்கு வீடு. பல பொதுத்தேர்தல்களாக எல்லாக் கட்சியும் கொடுத்த வாக்குறுதி அது, இடைத்தேர்தல் நெருங்கியதும் வேகம் பிடித்தது. இதைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். ஓட்டு என்பது ஒரு கோப்பை எப்படி நகர்த்தும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நியமன மன்றத்தில் அந்தக் கோப்புக்கு இப்படி ஒரு நாள் வராது. நான் மார்ச்சில் ஆதி நாகப்பனை இழுத்தது இதற்குத்தான்.

13 மே 2024

இல்லை, நான் எந்தக் கட்சியும் இல்லை. இருந்தேன். கடிதம் வராததற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு. போதும்.

20 அக்டோபர் 2024

இழையை யாரோ மேலே தூக்கியிருக்கிறார்கள். மூன்று நாளைக்கு முன் அந்தக் குடியுரிமைத் திருத்தம் மக்களவையில் நிறைவேறிவிட்டது. மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டித் தாராளமாகவே ஓட்டு. சிவப்பு ஐசி விஷயம் நான் மார்ச்சில் சொன்னபடியே உள்ளே இருக்கிறது. ஏற்கெனவே பிறந்த பிள்ளைகளுக்குப் பாதிப்பில்லை. இனிப் பிறக்கிறவர்கள் விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். கையைத் தூக்கியவர்களில் நம் பெயர் கொண்டவர்களும் உண்டு. தாய்மாருக்கான நல்ல விதியோடு சேர்த்துக் கட்டிவிட்டதால் எதிர்த்துப் போடுவது கஷ்டம் என்று அவர்களுக்காக வாதாடலாம். நானே வாதாடிப் பார்த்தேன். எனக்கு முழுசாக ஒட்டவில்லை.

தம்பி, உங்கள் சேதியும் பார்த்தேன். மேலாளருக்கு மன்றக் கடிதம் மறுபடி வந்துவிட்டது, நாடாளுமன்றத் தொகுதிக்கு வெளியூரிலிருந்து ஒருவர் பெயர் அடிபடுகிறது, இவர் கொஞ்சம் முகம் வாடியிருக்கிறார். வாடட்டும், நல்லதுதான். சட்டமன்றத் தொகுதியைக் கேட்கச் சொல்லுங்கள். அதற்கு முன் அந்தத் தொகுதியில் கம்பெனிச் சட்டை இல்லாமல் ஒரு வருஷம் சுற்றச் சொல்லுங்கள். உரம் வாங்கும் மானேஜர்மார் வீட்டுக்கு இல்லை, லயத்துக்கு. நின்று தோற்றால் மறுநாள் காலையில் அதே லயத்துக்குப் போவாரா என்று கேளுங்கள். போவேன் என்று சட்டென்று சொன்னால் நம்ப வேண்டாம், யோசித்துச் சொன்னால் நானே வந்து துண்டறிக்கை கொடுக்கிறேன்.

அடுத்த மாத மன்றக் கூட்டத்துக்குப் போய் உட்காரப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். போங்கள். அரைக்கால் சட்டையும் ஜப்பான் சிலிப்பரும் வேண்டாம், வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். சப்பாத்துப் போட்டுக்கொண்டு போங்கள், ஐசியை மறக்காதீர்கள்.